அரை மணி நேரத் தொலைக்காட்சி நேர்காணல்: கேள்வி எழுதுவதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை

உலக அரசியல், வெளியுறவு, பண்பாடு பற்றி ஒரே விருந்தினரை உட்காரவைத்து 26 நிமிடம் பேசும் நிகழ்ச்சிக்கான வேலை வரிசை இது. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். விருந்தினர் ஒப்புக்கொண்ட அன்றே முப்பது கேள்வி எழுதிவிடுகிறார்கள். அதன்பிறகு படிப்பதெல்லாம் அந்த முப்பதுக்கும் சான்று தேடுவதாகவே போய்விடுகிறது. கேள்வி கடைசியில் எழுதவேண்டிய ஒன்று. அதற்கு முன்னால் நான்கு தாள்கள் தயாராக வேண்டும்.

விளக்குவதற்கு வசதியாக ஒரே எடுத்துக்காட்டை நெடுக எடுத்துக்கொள்வோம்: பாக் நீரிணை மீன்பிடிச் சிக்கலும் கச்சத்தீவும். தமிழ் ஊடகங்கள் அதிகம் பேட்டி எடுக்கும் வெளியுறவுப் பொருள்களில் இது ஒன்று. ஆண்டும் ஒப்பந்தமும் குழம்பி அதிகம் பிழையாவதும் இதில்தான்.

தேவையானவை: ஏழு நாள் அவகாசம், ஒரு நெறியாளர், ஒரு ஆய்வாளர், ஒரு தயாரிப்பாளர், மூன்று கேமரா, இரண்டு லேப்பல் மைக் (சட்டையில் குத்துவது), ஒரு பூம் மைக் (நீண்ட கோலில் தலைக்குமேல் பிடிப்பது). ஆய்வாளர் இல்லையென்றால் நெறியாளரே அந்த வேலையைச் செய்யலாம். ஆனால் ஏழு நாள் பத்து நாளாகும். இரண்டு நாளில் முடிக்கச் சொன்னால் 26 நிமிட நேர்காணலை ஒப்புக்கொள்ளாதீர்கள், எட்டு நிமிடச் செய்திப் பேட்டியாக மாற்றுங்கள்.

1. நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

"கச்சத்தீவு பற்றிப் பேசுவது" என்பது தலைப்புதான், அதை நோக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. "இழுவைமடிக்கு (கடலடியை வாரி இழுக்கும் வலைக்கு) மாற்றுத்தொழில் தருவதாகச் சொன்ன திட்டம் ஏன் மீனவரிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கு, அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரிடம் பதில் வாங்குவது" என்பது நோக்கம். அந்த வரியில் ஒரு வினைச்சொல்லும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரும் இருக்கவேண்டும்.

காரணம் எளியது. பதிவு நடக்கும்போது பேச்சு பத்துத் திசையில் ஓடும். எந்தக் கிளையில் போவது, எதை விடுவது என்பதை மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது கையில் பிடித்துக்கொள்ள இந்த ஒரு வரிதான் உண்டு.

2. விருந்தினர் எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள்

விருந்தினர் மூன்று வகை. முடிவெடுத்தவர் (அமைச்சர், தூதர், அதிகாரி). அறிந்தவர் (பேராசிரியர், முன்னாள் அதிகாரி, செய்தியாளர்). பட்டவர் (மீனவர், அகதி, சிறை மீண்டவர்). முடிவெடுத்தவரிடம் பொறுப்பைக் கேட்கவேண்டும். அறிந்தவரிடம் விளக்கமும், அவர் விளக்கத்துக்கு எதிரான வாதமும் கேட்கவேண்டும். பட்டவரிடம் நடந்ததை, நடந்த வரிசையில், கேட்கவேண்டும்.

வகை மாறினால் நேர்காணல் கெடும். இரண்டு வாரம் யாழ்ப்பாணச் சிறையிலோ வேலூர்ச் சிறையிலோ இருந்து வந்த மீனவரிடம் "இரு நாட்டு உறவு எப்படி இருக்கவேண்டும்?" என்று கேட்டால், அவருக்குத் தெரிந்தது வெளியே வராது, தொலைக்காட்சியில் கேட்டதையே திரும்பச் சொல்வார். அமைச்சரிடம் "நிலைமையை விளக்குங்கள்" என்று கேட்டால் ஆறு நிமிடம் வரலாறு சொல்வார். உங்கள் நேரத்தில் கால்வாசி அதிலேயே போய்விடும்.

3. நிபந்தனைகளை எழுத்தில் முடியுங்கள்

தேதி உறுதியாகும் முன்பே விருந்தினரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போகவேண்டும். அதில் ஐந்து செய்திகள் இருக்கட்டும்: பேசும் பரப்புகள் மூன்றோ நான்கோ, பதிவு நேரம் 45 நிமிடம், ஒளிபரப்பு நீளம் 26 நிமிடம், கேள்விகளை முன்கூட்டி அனுப்புவதில்லை, தொகுத்ததை ஒப்புதலுக்குக் காட்டுவதில்லை.

பரப்பைச் சொல்லலாம், கேள்வியைச் சொல்லக்கூடாது. கேள்வி முன்பே போனால் உதவியாளர் எழுதித் தந்த பதிலைத்தான் விருந்தினர் ஒப்பிப்பார். பரப்பையும் மறைத்தாலோ, "எனக்கு இதுபற்றித் தகவல் இப்போது கையில் இல்லை" என்று சொல்ல அவருக்கு நியாயமான வழி கிடைத்துவிடும்.

நீளத்தைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இரண்டு மணி நேரம் பேசவைத்து ஒரு மணி நேரம் ஒளிபரப்பினால், வெட்டிய பாதியில்தான் உண்மை இருந்தது என்று விருந்தினர் பிறகு சொல்லலாம். பதிவு நேரமும் ஒளிபரப்பு நேரமும் முதல் மின்னஞ்சலிலேயே இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

நேர்காணலைப் பெறுவதற்காகப் பொய் சொல்லக்கூடாது, சிறு பொய்யும்கூட. 1995-இல் இளவரசி டயானாவின் பிபிசி நேர்காணலைப் பெற மார்ட்டின் பஷீர் போலி வங்கி ஆவணங்களைக் காட்டியதை 2021-இல் டைசன் பிரபுவின் விசாரணை உறுதிசெய்தது. நேர்காணலில் டயானா சொன்னவை அவருடைய சொற்களாகவே இருந்தும், பெற்ற முறை அந்தப் பதிவின்மேல் நிரந்தரக் கறையாகிவிட்டது.

4. நான்கு தாள்கள்

ஏழு நாளில் நான்கு நாள் இதற்குத்தான். ஒவ்வொன்றும் ஒரே பக்கம். இரண்டாம் பக்கம் போனால் பதிவின்போது யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள்.

காலக்கோடு. தேதி, நிகழ்வு, மூல ஆவணம் என மூன்று பத்தி. நம் எடுத்துக்காட்டில் முதல் வரி 1974 ஜூன்: இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட கடல் எல்லை ஒப்பந்தம். அதன் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. அடுத்த வரி 1976 மார்ச்: மன்னார் வளைகுடாவுக்கான ஒப்பந்தமும், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்ற வெளியுறவுச் செயலர்களின் கடிதப் பரிமாற்றமும். பிறகு 2017: இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியாவில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது.

இந்தத் தாளைச் செய்யாதவர் "1974 ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தோமே" என்று தொடங்குவார். விவரம் தெரிந்த விருந்தினர் "தம்பி, நீங்கள் சொல்வது 1976 கடிதங்களில் இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள்" என்பார். அதன்பிறகு மீதி 20 நிமிடமும் அவர் ஆசிரியர், நெறியாளர் மாணவர். ஒரே ஒரு ஆண்டுப் பிழை போதும், பிடி கைமாறிவிடும்.

சொன்னவை. விருந்தினர் இந்தப் பொருள்பற்றி இதுவரை பேசியவை: நாள், இடம், அவரது அதே சொற்கள், முழு வாக்கியமாக. நாளிதழ்த் தலைப்பை எடுத்தெழுதாதீர்கள். தலைப்பு துணையாசிரியர் எழுதியது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் சொன்னால், உண்மையிலேயே சொல்லாமல் இருந்திருப்பார். நாடாளுமன்ற, சட்டமன்றப் பதிவுகள், முழு ஒளிப்பதிவு, அவரே கையெழுத்திட்ட அறிக்கை ஆகிய மூன்றை மட்டும் நம்புங்கள். ஒளிப்பதிவு என்றால் மேற்கோளுக்கு முன்னால் ஒரு நிமிடமும் பின்னால் ஒரு நிமிடமும் கட்டாயம் பாருங்கள். "ஆனால்" என்ற சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எண்கள். நேர்காணலில் பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் எண்ணுக்கும் யார் வெளியிட்டது, எந்தத் தேதி வரைக்குமானது, எதை எண்ணியது என்று மூன்று குறிப்பு. "கைதான மீனவர்" என்ற எண், கைதானவர்களா, இன்னும் சிறையில் இருப்பவர்களா, படகுகளா என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். எட்டு எண்ணுக்குமேல் எழுதாதீர்கள், கேட்பவர் காதில் நிற்பது இரண்டோ மூன்றோதான்.

எதிர்வாதம். விருந்தினரின் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம், அதை உண்மையில் சொல்பவர் யார் என்ற குறிப்போடு. இந்தியத் தரப்பு விருந்தினர் என்றால், போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் தங்கள் வலைகள் இழுவைப் படகுகளால் அறுபடுவதாகச் சொல்வதை இந்தத் தாளில் எழுதவேண்டும். இலங்கைத் தரப்பு விருந்தினர் என்றால் கடலில் நடந்த தாக்குதல்கள், மோதிய படகுகள், இறப்புகள். இரண்டு கரையிலும் இருப்பவர்கள் தமிழ் மீனவர்களே. ஒரு கரையின் வலியை மட்டும் தெரிந்துகொண்டு உட்காரும் நெறியாளர் நடுநிலை தவறுவது இருக்கட்டும், நல்ல கேள்வியே கேட்கமுடியாது.

ஆவணம் தேடலுக்கு உச்சவரம்பு இல்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 1977-இல் பிரிட்டிஷ் நெறியாளர் டேவிட் ஃபிராஸ்ட், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய முன்னாள் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனைப் பேட்டி கண்டபோது, ஃபிராஸ்டின் ஆய்வாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் நிக்சனும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் கோல்சனும் பேசியவற்றின், பரவலாக அறியப்படாத எழுத்துப்படிகளைத் தேடி எடுத்துத் தந்திருந்தார். வாட்டர்கேட் பகுதியில் நிக்சனை உலுக்கியது அது. மொத்தப் பதிவு 28 மணி 45 நிமிடம். ஆனால் திருப்பம் நிகழ்ந்தது தாளைத் தேடிய நாளில்.

5. தப்பும் வழிகளை முன்கூட்டியே வரையுங்கள்

இது அதிகம் பேர் தவறவிடும் படி. நோக்கத்தை ஒட்டிய மூன்று மையக் கேள்விகளை மட்டும் இப்போது முடிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, விருந்தினர் எந்த வழியில் நழுவுவார் என்று எழுதுங்கள். பக்கத்தில், அந்த வழியை அடைக்கும் அடுத்த கேள்வி.

அரசியல் விருந்தினர்கள் நழுவும் வழிகள் அதிகமில்லை. "முந்தைய ஆட்சியில்தான் தொடங்கியது" என்பார்கள். அதற்கு: "சரி, நீங்கள் பொறுப்பேற்ற நாளிலிருந்து மாற்றியது எது?" "நீதிமன்றத்தில் இருக்கிறது" என்பார்கள். அதற்கு: "வழக்கில் இருப்பது தீவின் உரிமை. நான் கேட்பது படகு மாற்றும் திட்டத்தின் மானியம் ஏன் தாமதமானது என்பதை." "மத்திய அரசின் பொறுப்பு" என்பார்கள், டெல்லிக்காரர் "மாநிலத்தின் பொறுப்பு" என்பார். அதற்கு: "உங்கள் பங்கு எது என்று மட்டும் சொல்லுங்கள்." இன்னொரு எண்ணைச் சொல்வார்கள். அதற்கு எண்கள் தாள் இருக்கிறது. கேள்வியே தவறு என்பார்கள். அதற்கு: "எந்தப் பகுதி தவறு?" சிலர் "உங்கள் சேனல் யாருடையது என்று தெரியாதா?" என்று உங்கள்மீதே திரும்புவார்கள். இதற்குப் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். "பார்ப்பவர்கள் முடிவுசெய்யட்டும். கேள்வி இது" என்று அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி வையுங்கள்.

ஆய்வாளரை விருந்தினர் இடத்தில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள். ஆய்வாளர் எல்லா வழியிலும் நழுவிப் பார்க்கட்டும். தாளில் வராத வழி ஒன்றாவது அப்போது தெரியவரும்.

6. இப்போது கேள்விகளை எழுதுங்கள்

26 நிமிடத்துக்கு எழுதவேண்டியது 12 முதல் 14 கேள்வி. மீதி, பதிலிலிருந்து பிறக்கவேண்டியவை. கேள்வி ஒவ்வொன்றும் வாய்விட்டுச் சொல்ல 15 விநாடிக்குள் முடியவேண்டும். கைபேசியில் நேரம் வைத்துப் பாருங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் ஒரு தனித் தொல்லை உண்டு. "1976-இல் கடிதப் பரிமாற்றம் நடந்து, அதன்பிறகு 2017-இல் இலங்கை சட்டம் கொண்டுவந்து, நம் பக்கமும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்ட நிலையில், மீனவர்கள் கடன்சுமையால் ஒதுங்குவதாகச் சொல்லப்படுவதை எப்படிப் பார்க்கிறீர்கள்?" இந்த வாக்கியத்தில் கேள்வி எது என்று கடைசி இரண்டு சொல் வரும்வரை யாருக்கும் தெரியாது. விருந்தினர் தனக்குப் பிடித்த பகுதிக்கு மட்டும் பதில் சொல்வார். உடைத்துச் சொல்லுங்கள்: "2017 திட்டத்தின் இலக்கு 2,000 படகு. இன்றுவரை எத்தனை படகு மாறியிருக்கிறது?" பின்னணி ஒரு வாக்கியம், கேள்வி ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

"எப்படிப் பார்க்கிறீர்கள்?", "உங்கள் கருத்து என்ன?" என்ற இரண்டு வாலையும் எங்கே கண்டாலும் நீக்குங்கள். அவை பதில் வேண்டாத கேள்விகள். "ஏன்", "யார்", "எப்போது", "எவ்வளவு", "அப்போது என்ன செய்தீர்கள்" ஆகியவை போதும். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள், எளியதற்கு மட்டுமே பதில் வரும். "சொல்லப்படுகிறது", "பேசப்படுகிறது" என்று செயப்பாட்டில் குற்றச்சாட்டை வைக்காதீர்கள். "யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும். இருந்தால் அந்தப் பெயரையே முதலில் சொல்லிவிடலாமே.

இன்னொன்று, விளிக்கும் முறை. நம் வழக்கப்படி அரங்குக்கு வந்தவரை "அண்ணே", "ஐயா" என்று வரவேற்போம். அது அறைக்குள் இருக்கட்டும். கேமரா ஓடும்போது "அமைச்சர்", "பேராசிரியர்", அல்லது பெயரோடு "அவர்கள்" என்று அழைத்து, "நீங்கள்" என்று பேசுங்கள். உறவுமுறையில் அழைத்துவிட்டு, அடுத்த நிமிடம் பொறுப்புக் கேட்டால் அது உறவை மீறியதாக அவருக்கும் தோன்றும், பார்ப்பவருக்கும் தோன்றும். மரியாதை குறையாமல் கடுமையாகக் கேட்கத் தமிழில் இடம் உண்டு. உறவு சொல்லி அழைத்தபின் அது மிகக் கடினம்.

கேள்விகளை உள்ளங்கை அகல அட்டைகளில் எழுதுங்கள், ஓர் அட்டைக்கு ஒரு பரப்பு. டேப்லட் வேண்டாம். திரை ஒளி கண்ணாடியில் தெறிக்கும், பார்வை கீழேயே ஒட்டிக்கொள்ளும்.

7. வரிசையும் நேரமும்

முதல் கேள்வி உண்மையான கேள்வியாக இருக்கட்டும், ஆனால் விருந்தினர் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். மிகக் கடினமானதை ஒன்பதாம் நிமிடத்துக்கும் பன்னிரண்டாம் நிமிடத்துக்கும் இடையில் வையுங்கள். அதற்குள் அவர் குரல் இயல்பாகியிருக்கும். நழுவினாலும் திரும்பிவர நேரம் மிச்சமிருக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் வைத்தால், அவர் நேரத்தை ஓட்டிவிட்டு எழுந்துபோவார்.

தொடக்கத்திலேயே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007-இல் கரண் தாப்பர், அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடியுடன் நடத்திய நேர்காணல் எடுத்துக்காட்டு. 2002 குஜராத் கலவரம் பற்றிய கேள்விகளில் தொடங்கி, சில நிமிடங்களிலேயே மோடி எழுந்துவிட்டார். அந்தச் சில நிமிடங்கள் இன்றும் பார்க்கப்படுகின்றன என்பது உண்மை. மீதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. எது வேண்டும் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள், அங்கே போய்த் தற்செயலாக நேரவிடாதீர்கள்.

8. அரங்கு

கேமரா ஒன்று விருந்தினர் முகத்துக்கு, ஒன்று நெறியாளருக்கு, ஒன்று டூ ஷாட்டுக்கு (இருவரும் சேர்ந்து தெரியும் காட்சிக்கு). மூன்றும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும். ஒன்று கோட்டைத் தாண்டினால், வெட்டும்போது இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதாகத் தோன்றும். விருந்தினர் கேமராவின் லென்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் நெறியாளரின் தலை இருக்கிறதோ, அவ்வளவு நன்றாக விருந்தினரின் இரு கண்ணும் தெரியும். நாற்காலிகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் போதும். சுழல் நாற்காலி வேண்டாம், பதற்றத்தில் ஆடுவார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. வேறு வைத்தால் அறை விளக்குகள் படத்தில் துடிக்கும். மூன்று கேமராவுக்கும் நிற வெப்பநிலையைக் கையால் ஒரே அளவில் வையுங்கள், தானியங்கியில் விட்டால் நடுவில் மாறும்.

வெள்ளை வேட்டி சட்டையில் வரும் அரசியல்வாதிகளை ஒளியமைப்பது தனி வேலை. கேமராவைத் தானியங்கி ஒளியளவில் விட்டால் சட்டைக்காகப் படம் இருண்டு முகம் கறுத்துவிடும். முகத்துக்கு ஒளியளவை வைத்துவிட்டு, கீ லைட்டின் (முதன்மை விளக்கின்) கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்துச் சட்டைமேல் விழும் ஒளியைக் குறையுங்கள்.

லேப்பல் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே. சங்கிலியும் கழுத்துமணியும் மைக்கில் தட்டும், பட்டுப்புடவை உரசும். ஒட்டுநாடாவால் துணியை மைக்குக்கு இருபுறமும் பிடித்துவைத்து, விருந்தினரை இருபுறமும் திரும்பிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு மைக்கும் தனித் தடத்தில் பதிவாகட்டும். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஏசியை நிறுத்துங்கள். எல்லோரும் சும்மா இருக்க, அறையின் ஒலியை 30 விநாடி தனியாகப் பதிவுசெய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.

9. பதிவு

விருந்தினர் உட்கார்ந்ததும் கேமரா ஓடட்டும். எழுந்துபோகும்வரை ஓடட்டும். இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மறைவாகச் செய்யக்கூடாது.

காத்திருக்கும்போது நேர்காணலின் பொருளைப் பேசாதீர்கள். நல்ல பதிலை அறையிலேயே சொல்லிவிட்டால், கேமரா முன் "நான் முன்பே சொன்னதுபோல" என்று சுருக்கிவிடுவார். பயணம், காபி, மழை, ஊர் பற்றிப் பேசுங்கள்.

பதில் முடிந்ததும் இரண்டு விநாடி பொறுங்கள். புதியவர்களுக்கு இது மிகக் கடினம். அமைதி வந்ததும் அட்டையைப் பார்த்து அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு விநாடியில் விருந்தினர் தானாகச் சேர்க்கும் வாக்கியம் பலமுறை முதல் பதிலைவிட நேர்மையாக இருக்கும். "உம்", "சரி சரி", "ஆமாம்" என்று ஒலி எழுப்பாதீர்கள். அவை பதிலின்மேல் ஏறிக்கொள்ளும், வெட்டமுடியாது, ஒப்புக்கொள்வதாகவும் ஒலிக்கும். தலையை மட்டும் அசையுங்கள்.

எப்போது குறுக்கிடலாம்? மூன்று வேளைகளில்: தவறான தகவல் சொன்னால், கேள்வியைவிட்டு 40 விநாடிக்குமேல் விலகினால், பார்ப்பவருக்குப் புரியாத கலைச்சொல் வந்தால். குறுக்கிடும்போது முதலில் பெயர் அல்லது பதவி, பிறகு கேள்வி. சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசும் ஐந்து விநாடி வீட்டில் கேட்பவருக்கு வெறும் இரைச்சல்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு 1997-இல் பிபிசி நெறியாளர் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் பன்னிரண்டு முறை கேட்டதை எல்லோரும் முன்மாதிரியாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வி, ஹவர்ட் ஓர் அதிகாரியை மீறிச் செயல்படுவதாக மிரட்டினாரா இல்லையா என்பது. ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியது, அவருடைய சொந்தச் செயல்பற்றியது, அவருக்குக் கட்டாயம் தெரிந்தது. இந்த மூன்றும் இருந்தால் மட்டும் திரும்பக் கேளுங்கள். அதுவும் மூன்று முறை போதும். பிறகு "இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நகருங்கள். கொள்கை பற்றிய கேள்வியைப் பன்னிரண்டு முறை கேட்டால் அது அடாவடி.

ஆவணத்தைக் காட்டுவதாக இருந்தால் அது கையில் இருக்கவேண்டும், பக்கம் மடித்து, வரிக்கு அடிக்கோடிட்டு. 2025 மார்ச்சில் ஒளிபரப்பான அல் ஜசீரா நேர்காணலில் மெஹ்தி ஹசன், இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம், பட்டலந்த வதைமுகாமை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கைபற்றிக் கேட்டார். அந்த அறிக்கையைச் சுற்றியே வாக்குவாதம் எழுந்தது. பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த அறிக்கை அதே மாதம் இலங்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓர் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதன் விளைவு இது. "உங்கள்மீது குற்றச்சாட்டுகள் உள்ளனவே" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பொதுவான மறுப்போடு முடிந்திருக்கும்.

எழுந்துபோகிறேன் என்று விருந்தினர் சொன்னால் நெறியாளர் எழக்கூடாது. குரலைத் தாழ்த்தி, "நீங்கள் போகலாம். போகுமுன் இந்தக் கேள்விக்கு உங்கள் பதிலைப் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று சொல்லுங்கள். மைக்கைக் கழற்ற ஓடவேண்டாம்.

10. மொழிபெயர்ப்பாளரும் தொலைவும்

ஒருவர் பேசிமுடித்து மற்றவர் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். 26 நிமிடத்துக்கு 14 கேள்வி என்பது ஏழாகக் குறையும். இயர்பீஸில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பது நல்லது. ஆனால் நெறியாளர் பார்ப்பது விருந்தினரையாக இருக்கவேண்டும், மொழிபெயர்ப்பாளரை அல்ல. காலக்கோட்டையும் பெயர்களையும் முந்தைய நாளே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ஒளிபரப்புக்கு முன் மூலமொழி அறிந்த இன்னொருவர் முழுப் பேச்சையும் சரிபார்க்கட்டும். உடனடி மொழிபெயர்ப்பில் "வேண்டும்" என்பதும் "வேண்டியிருக்கும்" என்பதும் எளிதாக இடம்மாறிவிடும்.

இணையவழி என்றால் ஒலி சற்றுத் தாமதித்து வரும். குறுக்கிடுவது நடக்காது, ஆகவே கேள்வி இன்னும் குறுகவேண்டும், ஒவ்வொன்றும் தனித்து நிற்கவேண்டும். விருந்தினர் தன் பக்கத்திலேயே கைபேசியில் தன் குரலைப் பதிவுசெய்து அனுப்பட்டும். பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள், இரண்டையும் பொருத்த அது உதவும்.

11. விருந்தினர் கலைஞராக இருந்தால்

நழுவும் வழிகள் தாள் இங்கே தேவையில்லை. அதற்குப் பதிலாகப் படைப்பை முழுதாகப் படித்திருக்கவேண்டும், பார்த்திருக்கவேண்டும், கேட்டிருக்கவேண்டும். "உங்கள் படைப்புலகம் பற்றி" என்று கேட்டால் நூறு மேடையில் சொன்னதே வரும். நாவலாசிரியர் என்றால் ஒரு பத்தியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, இந்த வாக்கியம் ஏன் இங்கே முடிகிறது என்று கேளுங்கள். பாடகர் என்றால் ஒரு சங்கதியைப் பாடச் சொல்லி, அதை யாரிடம் கற்றார், எதை மாற்றினார் என்று கேளுங்கள். கைவேலையைப்பற்றிக் கேட்டால் வாழ்க்கை தானாக வரும்.

இவர்களுக்கு முகத்தை ஒட்டிய குளோசப்பும் நீண்ட ஷாட்டும் வேண்டும். 1959 முதல் 1962 வரை பிபிசியில் ஜான் ஃப்ரீமன் நடத்திய நேர்காணல்களில் அவர் முகம் அநேகமாகத் தெரியாது, கேமரா விருந்தினரையே பார்த்துக்கொண்டிருக்கும். நெறியாளர் முகத்தைக் கேள்விக்குக் கேள்வி காட்டும் இன்றைய பழக்கம், யோசிக்கும் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பைக் கெடுக்கிறது.

12. தொகுப்பு

தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் உட்காருமுன் முழுப் பேச்சையும் டைம்கோடுடன் (பதிவில் எந்த நிமிடம், விநாடி என்ற குறிப்புடன்) எழுத்தாக்குங்கள். காகிதத்தில் வெட்டுங்கள். கண்ணால் பார்த்து வெட்டினால் அழகான முகபாவம் நிற்கும், முக்கியமான நிபந்தனை போய்விடும்.

ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டக்கூடாது. "ஆனால்", "என்றாலும்" என்று தொடங்கும் வாக்கியத்தை, அதற்கு முந்தைய வாக்கியம் இருந்தால், வெட்டக்கூடாது. நெறியாளரின் கேள்வியைப் பிறகு தனியாகப் பதிவுசெய்தால் முன்பு கேட்ட அதே சொற்களாகவே இருக்கவேண்டும், கூர்மையாக்கக்கூடாது. விருந்தினர் பதில் சொல்லுமுன் எடுத்துக்கொண்ட அமைதியைச் சுருக்கவும் கூடாது, நீட்டவும் கூடாது. பரப்புகளின் வரிசையை மாற்றலாம், ஒரு பரப்புக்குள் வரிசையை மாற்றாதீர்கள்.

புரொமோவில்தான் அதிகத் தவறு நடக்கிறது. 40 விநாடித் துண்டாக இருந்தாலும் அதில் கேள்வியும் இருக்கவேண்டும். தம்ப்நெயிலில் (இணையத்தில் காணொளிக்கு முகப்பாக வைக்கும் படத்தில்) மேற்கோள் குறிக்குள் போடுவது அவர் சொன்ன அதே சொற்களாக இருக்கவேண்டும். முழு நேர்காணலையும் நேர்மையாக நடத்திவிட்டுத் தம்ப்நெயிலில் சொல்லாததைச் சொல்லவைத்தால், அந்த விருந்தினர் மட்டுமல்ல, அவருக்குத் தெரிந்த பத்துப் பேரும் இனி வரமாட்டார்கள்.

13. ஒளிபரப்புக்குப் பிறகு

வெட்டாத முழுப் பதிவை இரண்டு தனித்தனி இடங்களில் வையுங்கள். நான்கு தாள்களும், நிபந்தனை மின்னஞ்சலும், எழுத்தாக்கமும் அதே கோப்புறையில் இருக்கட்டும். மறுப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். தயாரிப்பாளர் பதில் சொல்லத் தேவையானது எல்லாம் அந்தக் கோப்புறையில் இருக்கவேண்டும். நெறியாளர் சொன்ன எண்ணில் பிழை இருந்தால், இணையப் பதிவின் விளக்கக் குறிப்பில் முதல் வரியாகத் திருத்தத்தைப் போடுங்கள், அடுத்த வார நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் சொல்லுங்கள். விருந்தினர் சொன்ன எண்ணில் பிழை இருந்தால் அவருக்கு எழுதிக் கேட்டு, அவர் பதிலையும் சேர்த்தே போடுங்கள்.

பதில் கிடைக்காத கேள்விகளை, தேதியோடு, விருந்தினர் பெயரில் தனித்தாளாக எழுதிவையுங்கள். அவர் அடுத்தமுறை வரும்போது ஆய்வாளர் முதலில் திறக்கவேண்டிய தாள் அது.